நல்லதங்காள் நாடகத்தை எப்படி ரசிப்பது?

பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், மக்கள் நாவில் வழங்கிவந்த பல கதைகளைப் பாட்டும் வசனமும் விரவிய நாடகங்களாக்கினார். எளியோர்மீது இழைக்கப்படும் கொடுமையை மேடையில் எப்படிக் காண்பது என்பதற்கு அவற்றுள் நல்லதங்காள் நல்ல பாடம். பன்னிரண்டாண்டுப் பஞ்சத்துக்குத் தப்பி ஏழு பிள்ளைகளோடு பிறந்தகம் வரும் நல்லதங்காளை, அண்ணன் நல்லதம்பி ஊரில் இல்லாத வேளையில் அண்ணி மூளி அலங்காரி வதைக்க, மனமுடைந்தவள் பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் விழுந்து மாய்கிறாள்.

முதலில் கவனிக்க வேண்டியவை பொருள்கள். சமைக்கக் கேட்டவளுக்கு அலங்காரி எரியாத பச்சை விறகையும், ஓட்டைப் பானையையும், மக்கிய தானியத்தையும் எடுத்துக் கொடுக்கிறாள். கேட்டதெல்லாம் கொடுப்பதுபோல் கொடுத்துப் பட்டினி போடும் இந்தப் போலி விருந்தோம்பலை, குரலை உயர்த்தாமல் நடிப்பவரே நன்றாக நடிப்பவர்; ஏனெனில் வசவுக்கு எதிர்வசவு உண்டு, உபசாரத்தின்மேல் குறை சொல்ல அண்டிவந்தவளுக்கு வாயில்லை.

அடுத்தது கிணற்றங்கரைக் காட்சி. அதுவரை எல்லாரிலும் எளியவளாக நின்ற தாய், தன்னைவிட எளிய பிள்ளைகளின் முன் வலியவளாகிறாள். உயிருக்குக் கெஞ்சும் மூத்த மகனின் பாட்டுக்கும் தாயின் மறுமொழிக்கும் நடுவே ஆர்மோனியம் எவ்வளவு நேரம் தனித்து ஒலிக்கிறது, ஒப்பாரியின் சாயல் எந்த அடியில் ஏறுகிறது என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டால், பஞ்சத்திலிருந்து அண்ணிக்கும் அண்ணியிடமிருந்து தாய்க்குமாகக் கைமாறி வந்த கொடுமை, தட்டிக் கேட்க வலுவற்ற குழந்தைகள் தலையில் இறங்குவது புலப்படும்.

இறுதியில் நல்லதம்பி திரும்பிவந்து பழிதீர்க்கும்போது கைதட்டல் எழுவது இயல்பு. ஆயினும் அந்த நிறைவோடு எழுந்துவிடுபவர் நாடகத்தைப் பாதிதான் பார்த்தவர். அலங்காரி கெட்டவள் என்பதைக் கதை ஒளிப்பதே இல்லை. பிறந்த வீட்டின் சொத்திலும் சோற்றிலும் ஒரு பெண்ணுக்கு உரிமை என்று எதுவும் இல்லாமல், அண்ணனின் பாசமும் அண்ணியின் தயவுமே கதியாக இருந்தது ஏன், அந்த அண்ணன் வெளியூர் போனால் அவள் நிலை என்ன என்பவை, அலங்காரி தண்டிக்கப்பட்ட பின்னும் விடை பெறாமல் நிற்கும் கேள்விகள். மேடையில் யாரும் வாய்விட்டுக் கேட்காத அவற்றைத் தாமே கேட்டுக்கொள்வது பார்வையாளரின் பங்கு.