செமி ஆட்டோ ஷாட்கன்னில் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி

ஷாட்கன்னின் குழல் முனையில் உள்ள சிறு மணி பறவை வேட்டைக்குப் போதும். ரவை விரிந்து பரவுவதால் சற்றுப் பிசகினாலும் பாதகமில்லை. ஒற்றைக் குண்டால் மானைச் சுடுவது வேறு விஷயம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மான் வேட்டையில் ரைபிளுக்குப் பல பத்தாண்டுகள் அனுமதி இருந்ததில்லை. இப்படிப்பட்ட இடங்களில் ஷாட்கன்னே ரைபிளின் வேலையையும் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு மணி போதவில்லை.

சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி அந்தக் குறையைத் தீர்க்கும். எந்தக் குறிநோக்கி என்பதைவிட, அதை எங்கே பொருத்துவது என்பதே முக்கியம். செமி ஆட்டோவில் குழல் தனி உறுப்பு. முன்மூடியைத் திருகி எடுத்தால் கையோடு வந்துவிடும். குறிநோக்கி ரிசீவரில் (போல்ட் ஓடும் உடற்பகுதியில்) இருக்க, குழல் அதற்குள் மயிரிழை ஆடினாலும் குண்டு இடம் மாறி விழும். குழலிலேயே பற்றவைக்கப்பட்டு, ரிசீவரின் மேல் பின்னோக்கி நீளும் தண்டவாளம் இந்தக் குறையை வேரோடு நீக்குகிறது. ஒற்றைக் குண்டுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

அமெரிக்க மரைன் படையில் எம்1014 என்ற பெயரில் வழங்கும் பெனெல்லி எம்4-இன் ரிசீவர் மேல் தண்டவாளம் உண்டு. பிடிமானம் உறுதியானது. ஆனால் உயரமான தாங்கியை ஏற்றினால் கன்னம் பின்கட்டையை விட்டு எழும்பிவிடும். உதைப்பு நேராகத் தாடையில் இறங்கும். தாழ்வான தாங்கியே இதற்கு ஏற்றது.

மாஸ்பெர்க் 940 புரோ டாக்டிகலில் ரிசீவரின் மேற்புறமே குடையப்பட்டிருக்கிறது. ஷீல்டு ஆர்எம்எஸ்சி என்ற சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி அதில் நேரடியாக அமர்கிறது. கண்ணாடி வழியாகவே முன்மணியும் தெரியும் அளவுக்குத் தாழ்வு. பேட்டரி தீர்ந்தாலும் குறி கைவிடாது. அந்த பேட்டரி அடிப்புறத்தில் இருப்பதுதான் பெருங்குறை. மாற்றும்போதெல்லாம் குறிநோக்கியைக் கழற்றி, மறுபடி குறி சரிபார்க்க வேண்டும்.

ரிசீவரில் துளையிட மனமில்லாதவர்களுக்கு பர்ரிஸ் ஸ்பீட்பீட் தாங்கி உண்டு. பின்கட்டைக்கும் ரிசீவருக்கும் நடுவே அதன் தகடு செருகப்படுகிறது. வான்கோழி வேட்டைக்கு இது நன்று. விசைத் துளைகளின் வழியே ஊசி செருகி இறுக்கும் சேணத் தாங்கியில் கவனம் தேவை. அளவுக்கு மீறி முறுக்கினால் உள்ளே ஓடும் போல்ட் பிடித்துக்கொள்ளும்.

வேலையைத் தொடங்குமுன் குழலறையும் தோட்டாக் குழாயும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்வது கட்டாயம். திருகுத் துளையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி போதும். சிவப்புப் பசை கூடாது, பிறகு சூடேற்றினால்தான் கழலும். முறுக்கு விசை தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டலாகாது. நீளம் கூடிய திருகு போல்ட்டில் உரசும் என்பதால் கையால் போல்ட்டை இழுத்துப் பார்த்தாக வேண்டும்.

குறி சரிபார்ப்பது முதலில் 25 கெஜத்தில், பிறகு 50-இல். வேட்டைக்கு எடுத்துச் செல்லும் அதே குண்டால். 1 எம்ஓஏ (கோண நிமிடம்) சொடுக்கு 50 கெஜத்தில் சுமார் 1.3 செ.மீ. நகர்த்தும். 6 எம்ஓஏ புள்ளி அந்தத் தூரத்தில் சுமார் 8 செ.மீ. இடத்தை மறைக்கிறது, மானுக்கு அது பரவாயில்லை, பறவை வேட்டையில் சுடுபவர் கண்ணில் சட்டென்று படும். ரிசீவரில் பொருத்திய குறிநோக்கி என்றால், துடைப்பதற்காகக் குழலைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று குண்டுகளைச் செலவிட்டுப் பார்ப்பது அவசியம்.