சுங்கைப்பட்டாணியில் எங்கே பசியாறுவது?

நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றையும் முன்னிறுத்தி, மலேசியர்களின் காலைப் பசியாறும் பழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல்லின மக்கள் ஒன்றாக அமர்ந்து உண்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட தகுதி. பெருமைதான். ஆனாலும் பட்டியலில் ஏறியதை ஊருக்குள் கொண்டுவந்து உரசிப் பார்க்க வேண்டும். கெடாவில் அதற்குச் சுங்கைப்பட்டாணியைவிடத் தோதான ஊர் இல்லை. பீடோங், பாடாங் செராய், கூலிம் என்று சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த பகுதி இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிய பின், லயத்தை விட்டுக் கிளம்பிய தமிழர்கள் வந்து சேர்ந்த தாமான்கள் நகரைச் சுற்றி நிற்கின்றன.

விலை, சுத்தம், உபசரிப்பு எல்லாம் எந்த ஊர்க் கடைக்கும் பொருந்தும் அளவுகோல்கள். இங்கே கேட்க வேண்டியவை வேறு. மேசையில் யார் யார் உட்காருகிறார்கள்? தட்டில் இருப்பது இந்த ஊரின் சமையல்தானா?

முதல் கேள்வியில் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடை சுலபமாகத் தேறிவிடும். இரவு பதினொரு மணிக்குத் திரையில் பந்து விளையாட்டு ஓடும்போது போய்ப் பாருங்கள். மூன்று இனமும் அங்கே இருக்கும். ஆனால் இந்தக் கூட்டத்துக்குக் கடைக்காரரின் தாராள மனம் மட்டும் காரணமில்லை. சீனர் கோப்பிக்கடையில் பன்றி இறைச்சி இருக்கும், மலாய்க்காரர் போகமாட்டார். வாழையிலைக் கடையில் ஹலால் சான்றிதழ் இல்லையென்றால் அங்கும் தயங்குவார். மாட்டிறைச்சி சமைக்கும் இடத்தில் கைநனைக்காத இந்துக் குடும்பங்கள் மாமாக்கில் தேத்தண்ணியோடு எழுந்துவிடும். அவரவர் விலக்குகளைக் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் சிறு பரப்பில்தான் அந்தப் பொது மேசை போடப்பட்டிருக்கிறது. அங்கே எல்லாரும் பகிர்ந்துகொள்வது பெரும்பாலும் மாவும் பாலும் சீனியும்தான். யுனெஸ்கோ பாராட்டிய மேசை பொய்யில்லை. ஆனால் அதன்மேல் இருப்பது கொஞ்சம்.

அந்த மாவையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? ரொட்டி சானாய்க்கு உருண்டைகள் எண்ணெயில் மணிக்கணக்கில் ஊற வேண்டும். வீசி மெலிதாக்கி மடித்துச் சுட்ட பின், சூடு ஆறும் முன் இரு கையாலும் அடித்து அடுக்குகளைப் பிரிக்க வேண்டும். கூட்டம் பெருகிய கடைகளில் முதலில் காணாமல் போவது இந்தக் கடைசி அடிதான். வெளியே பொன்னிறம், உள்ளே பிரியாத மாவு. அலோர்ஸ்டார் பக்கம் போனால் தமிழ் முஸ்லிம்களின் கைத்திறன் இன்னும் தெரிகிறது. தோளில் கம்பு வைத்துச் சுமந்து விற்ற நாசி கண்டாரின் வழிவந்த சோற்றை அங்கே நாசி லெமாக் என்றே கேட்டு வாங்குகிறார்கள். நாலைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றியும் ஒன்று மற்றொன்றைக் கொல்லாமல் பார்த்துக்கொள்வது லேசான வேலையில்லை.

கோப்பிக்கடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கொட்டையைத் துணிப்பையில் வடித்த கோப்பிக்கு இன்னும் போட்டி கிடையாது. வாத்து வறுவல் வேண்டுமென்றால் லூனாஸுக்குத்தான் போக வேண்டும்.

எனக்கு மனத்தாங்கல் வாழையிலைக் கடைகள்மேல்தான். தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பெரும்பாலும் வட ஆர்க்காடு, திருச்சி, தஞ்சை, சேலம் பக்கத்துக் கூலிச் சனங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்தும் கடைகளின் பலகையிலோ 'செட்டிநாடு'. இந்த நாட்டில் வட்டிக்கடை வைத்திருந்தவர்களின் வீட்டுச் சமையல் மேல் பலகைக்கு ஏறிவிட்டது. பால்மரம் வெட்டியவர்களின் சமையல் ஏறவில்லை. ஜப்பானியர் காலத்தில் உயிரைப் பிடித்து வைத்த மரவள்ளிக்கிழங்கு எந்த இலையிலும் இல்லை. வெளிக்காட்டில் தூக்குச்சட்டியைத் திறந்ததும் மணத்த கருவாட்டுச் சம்பாலும் இல்லை. 1970-இல் செயல்படத் தொடங்கிய முடா பாசனத் திட்டத்தால் இரு போகம் விளையும் மாநிலத்தில், இலையில் விழுவது இறக்குமதியான புழுங்கலரிசி. சமையல் மோசம் என்று சொல்லவில்லை. ரசமும் பொரியலும் பல கடைகளில் நன்றாகவே இருக்கின்றன. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அச்சுப் பிசகாமல் இதே இலை கிடைக்கும் என்பதுதான் குறை.

தோட்டத்துச் சாப்பாட்டை நினைத்து உருகுகிறவர்கள் கள்ளுக்கடையையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துக்குள் தொழிலாளி கூடிக் குடிக்க இருந்த இடம் அது ஒன்றுதான். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போனது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கெடா முழுக்கக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. 1947-இல் பீடோங்கில் நடந்த மறியல் போலீசாருடன் மோதலாகி, தொழிலாளி ஒருவரின் உயிரே போனது. பின்னாளில் கள்ளின் இடத்தை மலிவான சம்சு சாராயம் பிடித்துக்கொண்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியது. பழைய கள்ளுக்கடை மேசைக்கு ஏங்க ஒன்றுமில்லை.

மிச்சமிருப்பது தாமான் முனையில், காலை ஆறு மணிக்குக் குடை விரித்து நிற்கும் ஒட்டுக்கடை. நடத்துவது பெரும்பாலும் தோட்டத்தில் பிறந்த அம்மாக்கள். தோசை, ஆப்பம், புட்டு, பக்கத்திலேயே பொட்டலம் கட்டிய நாசி லெமாக்கும் மீஹூனும். அந்த நெத்திலிச் சம்பாலில் பெலாச்சான் இருக்கிறது. கங்கோங் பிரட்டலில் சீனர் சோயா இருக்கிறது. தாளிப்பு மட்டும் தஞ்சாவூரோ சேலமோ. யாரும் பல்லினம் என்று சொல்லிக்கொண்டு இதைச் சமைக்கவில்லை. லயத்துக்கு வெளியே கம்பத்திலும் தவுக்கே கடையிலும் என்ன கிடைத்ததோ அதைச் சேர்த்து மூன்று தலைமுறை சமைத்ததில் வந்த ருசி. யுனெஸ்கோ மேசையைச் சுற்றித் தேடியது இங்கே சட்டிக்குள் இருக்கிறது.

குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை. ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். சம்பாலில் சீனி வர வர ஏறுகிறது. உரிமம் பெரிய தலைவலி. பிள்ளைகள் படித்துப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுவதால் அடுத்த தலைமுறைக்குக் கரண்டி கைமாறுவது அரிது. இத்தனையையும் எடைபோட்ட பிறகும் என் தீர்ப்பு மாறவில்லை. கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருக்க மாமாக். கோப்பிக்குச் சீனர் கடை. சுங்கைப்பட்டாணியைச் சாப்பிட வேண்டுமென்றால் ஒட்டுக்கடை.

வாழையிலைக் கடை முதலாளிகளிடம் ஒரு விண்ணப்பம்: செட்டிநாட்டை எடுக்க வேண்டாம். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, கருவாட்டுச் சம்பாலும் மரவள்ளிக்கிழங்கும் என்று எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் போதும்.