இரண்டாவது துளை

இசைப்படைப்பை விமர்சிக்கும் நாம், அப்படைப்பு எம்மை வந்தடையும் கருவியை விமர்சனத்துக்குரியதாகக் கருதுவதில்லை. பாடலின் சொல்லும் இசையும் ஆராயப்படுகின்றன. அதனை யார், யாருடன், எவ்வாறு கேட்பது என்பதைத் தீர்மானிக்கும் பெட்டியின் அமைப்போ பொறியியலாளருக்குரிய விடயமென விடப்படுகிறது. இப்பாகுபாடு பொருத்தமற்றது என்பதற்குச் சோனி நிறுவனத்தின் வோக்மன் தக்கதொரு சான்றாகும்.

1979 யூலை 1ஆந் திகதி யப்பானில் விற்பனைக்கு வந்த முதலாவது வோக்மன், செய்தியாளருக்கென அந்நிறுவனம் முன்னர் செய்திருந்த சிறிய ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து உருவானது. ஒலிப்பதிவு வசதி நீக்கப்பட்டு ஸ்டீரியோ ஒலி சேர்க்கப்பட்டது. எனினும் எமது கவனத்துக்குரியவை அதிலிருந்த இரண்டு செருகுதுளைகளே. இருவர் தத்தம் ஹெட்போனைச் செருகி ஒரே நாடாவைக் கேட்கலாம். செம்மஞ்சள் நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் இசை தாழும். உள்ளிருக்கும் ஒலிவாங்கியின் வழியே இருவரும் உரையாடலாம். நிறுவனத் தலைவராயிருந்த அக்கியோ மொறிற்றா, 1986இல் வெளிவந்த தமது நூலில் இதற்கான காரணத்தைக் கூறுகிறார். தாம் தனித்துக் கேட்டபோது மனைவி ஒதுக்கப்பட்டவராக உணர்ந்தாராம். பிறர் முன்னிலையில் தனித்து இசை கேட்பது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படுமென அவரும் எண்ணினார். ஆயின் வாங்கியோர் அதனைத் தமக்கேயுரிய தனிப்பொருளாகக் கொண்டனர். பிந்திய மாதிரிகளிற் பெரும்பாலானவற்றில் முதலிற் பொத்தான் மறைந்தது. பின்னர் இரண்டாவது துளையும் மறைந்தது.

இதனை முதலாளித்துவம் மனிதனைத் தனிமைப்படுத்திய கதையாகச் சொல்லிவிடலாம். அது இலகுவான முடிவு. சூஹெய் ஹொசொக்காவா 1984இல் எழுதிய 'வோக்மன் விளைவு' என்னுங் கட்டுரை அத்தகைய குற்றச்சாட்டை ஏற்கவில்லை. நகரத்தெருவிற் கேட்டுக்கொண்டு நடப்பவர் தம் நடைக்கும் சூழலுக்கும் புதியதோர் அர்த்தத்தை ஆக்கிக்கொள்கிறார் என்பது அவர் வாதம். இதில் உண்மையுண்டு. வீட்டிலுள்ள ஒரே வானொலியில் மூத்தோர் விரும்பியதையே கேட்கவேண்டியிருந்த இளம்பெண்ணுக்கு ஹெட்போன் ஒருவகை விடுதலையே. ஆனால் அவ்விடுதலைக்காக இரண்டாவது துளையை மூடவேண்டிய அவசியம் என்ன? இரண்டு துளையுள்ள கருவியில் ஒருவர் தனியாகவுங் கேட்கலாம். ஒரு துளையுள்ளதில் இருவர் தத்தம் ஹெட்போனை நேரே செருகிக் கேட்பதற்கு வழியில்லை.

கருவியின் அமைப்பு கேட்போரை ஒன்றுசேர்க்கும் என்பதற்குத் தொலைவிற் சான்று தேடவேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியில், மின்விநியோகமின்றியிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒருவர் மிதிக்க ஏனையோர் கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் நின்றது. போரும் பொருளாதாரத் தடையும் திணித்த அமைப்பு அது. அதனைப் போற்றுவது எமது நோக்கமன்று. எனினும் அங்கு கேட்டல் என்பது பிறரின்றி நிகழாத செயலாயிருந்தது.

வோக்மனுக்குப் பிந்திய தலைமுறையினர் இழந்ததைத் தாமே ஓரளவு ஈடுசெய்துகொண்டனர். பஸ்ஸில் நண்பர் இருவர் ஒரே இயர்போனின் முனைகளை ஆளுக்கொரு காதிற் செருகிக்கொள்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். இசைநோக்கில் இது முழுமையான கேட்டலாகாது. ஸ்டீரியோவில் இடப்புறமும் வலப்புறமும் வேறானவை. பீற்றில்ஸ் குழுவின் 'றப்பர் சோல்' இசைத்தட்டினது 1965ஆம் ஆண்டு ஸ்டீரியோப் பதிப்பிற் குரல் பெரும்பாலும் ஒருபுறமும் வாத்தியங்கள் மறுபுறமும் ஒலிக்கும். அதனை இவ்வாறு பகிர்ந்து கேட்பின் ஒருவருக்குப் பாட்டும் மற்றவருக்குப் பக்கவாத்தியமுமே எஞ்சும். பாடலிற் பாதியைக் கொடுத்தேனும் சேர்ந்து கேட்க விரும்புவோர் இருக்கிறார்கள் என்பதை எந்த வடிவமைப்பாளரும் பஸ்ஸில் ஏறியே அறிந்திருக்கலாம்.

2016இல் அப்பிள் நிறுவனம் தனது ஐபோன் 7இலிருந்து எஞ்சியிருந்த ஒரு துளையையும் நீக்கியது. எந்த நிறுவனத்தின் ஹெட்போனையும் ஏற்கும் பொதுத்துளை அது. 2019இல் அதே நிறுவனம், இருவர் ஒரே பாடலைத் தத்தம் ஹெட்போனிற் கேட்கும் வசதியைப் புதுமையாக அறிமுகஞ் செய்தது. நாற்பது ஆண்டுகளின் முன் வோக்மன் தந்ததே அது. ஆனால் இம்முறை இருவரிடமும் அந்நிறுவனமோ அதற்குச் சொந்தமான பீற்ஸ் நிறுவனமோ செய்த ஹெட்போன்கள் இருத்தல் வேண்டும். மலிவான வேறொன்றை வைத்திருக்கும் நண்பருக்கு அவ்வசதியில் இடமளிக்கப்படவில்லை.