நிர்வாணா இன்றேல் பேர்ல் ஜாம் உண்டோ?

நிர்வாணா குழுவினர் கதவைத் திறந்திராவிடில் பேர்ல் ஜாம் குழுவினர் வாயிலிலேயே நின்றிருப்பர் என்று இசை விமர்சகர் சிலர் கூறுவர். இக்கூற்றைச் சற்று ஆராய்வோம்.

இரு குழுவும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தோன்றியவை. பேர்ல் ஜாமின் ‘டென்’ 1991 ஆகஸ்டில் வெளிவந்தது. நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ அதற்கடுத்த மாதமே வந்தது. ஆதலின் பார்த்துச் செய்தனர் என்னும் வசைக்கு இடமேயில்லை. இசையும் வேறு: முன்னவர் 1970ஆம் ஆண்டுகளின் ராக் மரபில், நீண்ட கித்தார் வாசிப்பில் திளைப்பவர், பின்னவர் பங்க் இசையின் சுருக்கத்தையும் சீற்றத்தையும் நாடியவர்.

விற்பனையோ வேறு கதை. ‘டென்’ தொடக்கத்தில் மந்தமாகவே விலைபோயிற்று. 1992 ஜனவரியில் ‘நெவர்மைண்ட்’, மைக்கேல் ஜாக்சனின் இசைத்தட்டையே கீழிறக்கி முதலிடம் பெற்றது. வானொலியாரும் தொலைக்காட்சியாரும் ஸியாட்டில் நகரின்பால் செவிசாய்த்தனர். அவ்வாண்டிலேயே ‘டென்’ இரண்டாமிடம்வரை ஏறிற்று. இக்கடனை மறுத்தல் நேர்மையன்று.

ஆயின், 1993 செப்டம்பரில் நிர்வாணாவின் புதிய தட்டு முதல் வாரத்தில் ஏறத்தாழ 180,000 பிரதிகள் விற்க, அடுத்த மாதம் பேர்ல் ஜாமின் இரண்டாம் தட்டு, பாட்டுக்கென ஒரு விளம்பரப் படமும் எடாமலே, ஏறத்தாழ 950,000 விற்றது. இதையும் நிர்வாணாவின் கணக்கிலேயே எழுதுவோர், எட்டி வெட்டரின் குரலை ஒருமுறையேனும் செவிமடுத்தனரோ என ஐயுறுகின்றோம்.