நாப்பிழையும் நெஞ்சப்பிழையும்

தேர்தல் மேடைப் பேச்சு இலக்கியமாகாது என்று அதனை ஒதுக்குவோர் உளர். ஆயினும் நூலைக் கையிலெடுக்காத எளிய மக்களும் செவியாரக் கேட்கும் தமிழ் அதுவே. ஆதலின் அதனையும் திறனாய்தல் தமிழாசிரியர் கடனாகும்.

மேடையில் நிகழும் பிழைகள் இருவகைப்படும். ஒன்று நாப்பிழை, மற்றொன்று நெஞ்சப்பிழை.

2019ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில், தமிழக அமைச்சராயிருந்த திண்டுக்கல் சீனிவாசன், கூட்டணிக் கட்சியின் மாம்பழச் சின்னத்துக்கு வாக்குக் கேட்க வந்து, ‘ஆப்பிள்’ சின்னத்துக்குக் கேட்டுவிட்டார். 2018இல் கருநாடகத்தில் அமித் ஷா, ஊழலில் முதலிடம் பெறத்தக்கது எடியூரப்பாவின் ஆட்சியே என்றார். மாற்றுக்கட்சி முதலமைச்சரான சித்தராமையாவைக் கூறவேண்டிய இடத்தில், பக்கத்தில் அமர்ந்திருந்த தம் கட்சித் தலைவரின் பெயர் வந்து விழுந்தது. மக்கள் நகைத்தனர். இவை நாப்பிழைகள். திருத்திய அளவில் தீர்ந்தன. எவர் மனமும் புண்படவில்லை.

இனி மற்றதைக் காண்போம். 2021ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் ஆ. இராசா, மு. க. ஸ்டாலின், எடப்பாடி பழனிசாமி ஆகிய இருவரின் அரசியல் வளர்ச்சியை ஒப்பிடப் புகுந்து, குழந்தைப் பிறப்பை உவமையாக்கினார். அவ்வுவமை பழனிசாமியின் மறைந்த தாயார்மேல் பழியாக விழுந்தது. பழனிசாமி மேடையிலேயே கண்கலங்கினார். இராசா மன்னிப்புக் கேட்டார். எனினும் தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பரப்புரை செய்ய அவருக்குத் தடை விதித்தது.

இங்கே நா தவறவில்லை. சொற்கள் முறையாகவே அடுக்கப்பட்டன. தவறியது நெஞ்சம். உவமைக்கும் பொருளுக்கும் பொதுத்தன்மை வேண்டும் என்று வகுப்பில் கற்பிக்கின்றோம். அவ்வுவமை யார்மேல் சென்று விழும் என்று வினவக் கற்பிக்கின்றோமா?

இது தமிழகத்துச் செய்தி என்று நாம் வாளாவிருத்தல் இயலாது. நிபோங் திபாலுக்கு வடக்கே, இதே செபராங் பிறையில், 2008 ஆகஸ்டில் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல் நடைபெற்றது. அப்பரப்புரையில் புக்கிட் பெண்டேரா அம்னோ தொகுதித் தலைவர் அகமது இஸ்மாயில், சீனர்களை இந்நாட்டில் ஒண்டியிருப்போர் எனப் பொருள்படப் பேசியதாகச் செய்தி வெளிவந்தது. அவர் மன்னிப்புக் கேட்க மறுத்தார். கட்சி அவரை மூன்றாண்டுகள் இடைநீக்கம் செய்தது. அச்செய்தியை எழுதிய பெண் செய்தியாளரோ உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டு, மறுநாள் விடுவிக்கப்பட்டார். பேசியவர் வீட்டில், எழுதியவர் காவலில்! ஒண்டவந்தோர் என்னும் சொல் சீனரை மட்டுமா சுடும்? தோட்டப்புறத்தில் பிறந்து இம்மண்ணையே தாய்மண்ணாகக் கொண்ட நம் பிள்ளைகளையும் அது சுடுமன்றோ?

நாப்பிழையை நாடெங்கும் பரப்பி நகைக்கின்றோம். நெஞ்சப்பிழையை, ‘வாய் தவறி வந்துவிட்டது’ என்னும் ஒரே சொல்லால் பொறுத்துக் கொள்கின்றோம். இது தலைகீழ்த் தீர்ப்பு.

வள்ளுவர் சொல்வன்மையைப் பொருட்பாலில் அமைச்சியலில் வைத்தார். நாவைக் காக்கும் அறத்தையோ, அறத்துப்பாலில் அடக்கமுடைமையின்கண் எல்லார்க்கும் பொதுவாக வைத்தார். அறத்துப்பால் முன்னது என்பதை நாம் மறந்தோம். நம் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் குரல்வளத்துக்கும், சொல்லடுக்குக்கும், கைதட்டலுக்கும் மதிப்பெண் உண்டு. எதிரணி மாணவனை இழிவுபடுத்தாமல் வென்றமைக்கு மதிப்பெண் உண்டா?

நாளைய மேடைகளில் ஏறப்போகும் நாக்கு இன்று நம் வகுப்பறையில்தான் பயில்கின்றது. தடுமாறும் மாணவனைத் தட்டிக் கொடுப்போம். பிறரைப் புண்படுத்திக் கைதட்டல் பெறுபவனை அங்கேயே நிறுத்தித் திருத்துவோம். மேடைத் தமிழைச் சீர்செய்யும் வேலை ஆசிரியரிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.