வாய்த்துடுக்கு மட்டும் போதுமா?

பதினேழாம் நூற்றாண்டுக் கரீபியன் கடல். முகம் பார்த்தறியாத தந்தையைத் தேடிக் கப்பலேறுகிறாள் சார்லிஸ் பிரிஸ்டல் என்னும் ஆங்கிலச் சீமாட்டி. கப்பல் உடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்குகிறாள். அவளை மீட்பவன் எட்மண்ட் மெரிக் என்ற கடற்கொள்ளைத் தலைவன். ஆனால் கடவுளிடம் திரும்பிவிட்டவன். எம். எல். டிண்டால் 2006இல் எழுதிய ‘தி ரிடெம்ப்ஷன்’ நாவலின் கதை இது. அமெரிக்காவில் ‘இன்ஸ்பிரேஷனல் ரொமான்ஸ்’ எனப்படும் கிறிஸ்தவக் காதல் நாவலுக்கு 1979இல் ஜேனட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ பெரிய சந்தையைத் திறந்துவிட்டது. யார் சொல்லுக்கும் அடங்காத பெண், புயல், கப்பல், மனம் திருந்தும் வீரன் என்பது அந்தச் சந்தையில் மறுபடி மறுபடி தலைகாட்டும் கூட்டு.

இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் இந்த வகைக்கு ஒரு நேர்மை உண்டு. அந்தக் காலத்து மனிதர்கள் எதற்கெடுத்தாலும் வேதாகமத்தைப் புரட்டியவர்கள். பொதுவான வரலாற்றுக் காதல் கதைகள் பல அதை வசதியாக மறந்துவிட்டு, இன்றைய மனத்துக்குப் பழைய உடுப்பு மாட்டி அனுப்புகின்றன. இங்கே விசுவாசமும் சந்தேகமும் கதையை நகர்த்துகின்றன. படுக்கையறைக் காட்சிக்கு இடமில்லை என்ற பதிப்பகக் கட்டுப்பாடும் நன்மையே செய்கிறது: காதலர் நடுவே நிற்கும் தடையை மனசாட்சிக்குள் தேட வேண்டிய கட்டாயம் எழுத்தாளருக்கு வருகிறது.

கோளாறு நாயகியிடம் இருக்கிறது. அவளுடைய பிடிவாதம் பெரும்பாலும் நாக்கில்தான். கப்பல் தலைவனை எதிர்த்துப் பேசுவாள், போகாதே என்ற இடத்துக்குப் போவாள், ஆபத்தில் சிக்குவாள். பிறகு அவன் வந்து தூக்குவான். பாய்மரத்தை இறக்கவோ திசை கணிக்கவோ அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கல்கியின் பூங்குழலியும் துடுக்குக்காரிதான். ஆனால் துடுப்பு அவள் கையில் இருந்தது.

வரலாறு இதைவிடத் துணிச்சலானது. 1856இல் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட ‘நெப்டியூன்ஸ் கார்’ கப்பலில் தலைவர் ஜோஷுவா பேட்டன் காசநோயால் படுத்துவிட்டார். முதல் துணை மாலுமி ஏற்கெனவே கடமை தவறிக் காவலில் இருந்தான். இரண்டாமவனுக்குத் திசை கணிக்கத் தெரியாது. தலைவரின் மனைவி மேரிக்கு வயது 19, கருவுற்றிருந்தாள். முந்தைய பயணத்தில் கணவனிடம் கற்ற கணக்கை வைத்துக்கொண்டு, கேப் ஹார்ன் முனையின் புயலைத் தாண்டி நவம்பரில் கப்பலைக் கரை சேர்த்தாள். காவலில் இருந்தவன் மாலுமிகளைத் தூண்டிவிடப் பார்த்தபோது, அவர்களைக் கூட்டி வைத்துப் பேசித் தன் பக்கம் நிறுத்தினாள். இத்தனைக்கும் நடுவே மருத்துவ நூல்களைப் படித்துக் கணவனுக்கு வைத்தியமும் பார்த்தாள். எந்த நாவலாசிரியரும் இவ்வளவை ஒரே பெண்ணின் தலையில் ஏற்றத் தயங்குவார். மிகை என்று பதிப்பாசிரியர் வெட்டியிருப்பார்.

விசுவாசத்தின் பக்கமும் இதே கதைதான். 1812 பிப்ரவரியில், மணமாகி இரண்டே வாரத்தில், மிஷனரிப் பெண் ஆன் ஜட்சன் கணவர் அடோனிராமுடன் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்தில் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். பயணத்தில் அடோனிராம் ஞானஸ்நானம் பற்றிய வசனங்களை ஆராய ஆராய, பாப்டிஸ்ட் கொள்கைப் பக்கம் சாய்ந்தார். நீங்கள் மாறினாலும் நான் மாறமாட்டேன் என்று நின்றார் ஆன். பிறகு தானே படித்து, தானே ஒப்புக்கொண்ட பின்பு மாறினார். அந்தச் செப்டம்பரில் கல்கத்தாவில் இருவருமே ஞானஸ்நானம் பெற்றார்கள். அனுப்பி வைத்த சபையின் ஆதரவு போயிற்று. நாவல்களில் மனமாற்றம் பெரும்பாலும் ஒரு புயல் இரவில் முடிந்துவிடும். இங்கே மாதக் கணக்கில் நடந்த வாதம், அதன் பின்னே சோற்றுக் கவலை. காதல் கதைக்கு இதைவிடச் சுவையான சண்டை எது?

இன்னொரு குறை கூடுதல் கனமானது. கொள்ளைக்காரன் திருந்துவதுதான் கதை என்றால், அவன் கொள்ளையடித்தவர்கள் எங்கே? கரீபியன் செல்வத்தின் அடியில் சர்க்கரைத் தோட்டங்களும் ஆப்பிரிக்க அடிமைகளும் இருந்தார்கள். நாயகனின் பாவமன்னிப்பு கதையின் மையத்தைப் பிடித்துக்கொண்டால், பாதிக்கப்பட்டவர்கள் திரைச்சீலை ஆகிவிடுவார்கள். 2021இல் இந்தப் பிரச்சினை தெருவுக்கே வந்தது. அமெரிக்கப் பூர்வகுடிகளைக் கொன்று குவித்த 1890 வூண்டட் நீ படுகொலையில் பங்கேற்ற குதிரைப்படை வீரன் மீட்சி தேடும் கேரன் விட்மேயரின் நாவலுக்கு அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் விருது அளித்தது. எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. விருதைப் பறித்தது சரியா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். கேட்கப்பட்ட கேள்வி சரியானது.

இந்த வகையின் முன்னோடிகளை மிஷனரிப் பெண்களின் வாழ்க்கை வரலாறுகளில் தேடலாம். அவற்றில் சுபமான முடிவுக்கு உத்தரவாதம் இல்லை. ஆனுடன் அதே கப்பலில் வந்த ஹாரியட் நியூவெல் அந்த ஆண்டே மொரீஷியஸில், 19 வயதில் இறந்தார். 1819இல் பாஸ்டனில் கப்பலேறிய ஹாரியட் வின்ஸ்லோ யாழ்ப்பாணம் சேர்ந்து, 1824இல் உடுவில் மகளிர் பள்ளியைத் தொடங்கி, 1833இல் அங்கேயே காலமானார். பின்னாளில் தமிழ் அகராதியால் நமக்கு அறிமுகமான மைரன் வின்ஸ்லோதான் அவர் கணவர். மனைவியின் நினைவு நூலை 1835இல் வெளியிட்டவரும் அவரே.