சர்க்கரை ஊசியும் வயிற்று மாத்திரையும்

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வந்து, ஐந்தருவிப் படியில் வழுக்கி விழுந்து, தென்காசியில் ஏதேனும் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தவருக்கு இரண்டு உபசாரங்கள் கேளாமலே கிடைப்பதுண்டு: விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது ஒன்று, வயிறு புண்ணாகாதிருக்கப் பான்டோபிரசோல் கொடுப்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கங்களே. எங்கே நிறுத்துவது என்ற விவேகந்தான் இரண்டிலும் போதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நோயின் உக்கிரத்தில் ஏறும் சர்க்கரை, புண் ஆறுவதைத் தாமதப்படுத்திக் கிருமிக்கு இடங்கொடுக்கிறது. ஆகவே, 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், பெரும்பாலும் அறுவை முடிந்து தீவிர சிகிச்சையில் கிடந்தவர்களின் சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் இடையே இறுக்கிப் பிடித்ததில் மரணம் 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தது என்றதும் வைத்திய உலகம் பரவசப்பட்டது. 2009-இல், ஆறாயிரம் பேருக்கு மேல் பங்குகொண்ட நைஸ்-சுகர் ஆராய்ச்சி அந்தப் பரவசத்தைக் கலைத்தது: இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதமும், தளர விட்டவர்களில் 24.9 சதவீதமும் இறந்தனர். 140 முதல் 180 வரை போதும் என்ற நிதானம் அதன்பிறகே வந்தது.

ஆனால் சாதாரண வார்டில் பிழை நேர்வது எண்ணில் அன்று, வேளையில். காலையில் அட்டவணையைப் பார்த்து, இத்தனைக்கு இத்தனை யூனிட் என்று இன்சுலின் போட்டாயிற்று. இட்லி வாங்கப் போன மைத்துனர் சீசன் கூட்டத்தில் அகப்பட்டுக்கொள்ள, நோயாளி வேர்த்து நடுங்குகிறார். இரவிலோ, பத்தியச் சாப்பாடு இறங்கவில்லையே என்ற பாசத்தில் அதே மைத்துனர் பிரானூர்ப் பரோட்டாவைப் பொட்டலமாகக் கொண்டுவருகிறார். எந்த அட்டவணையும் பரோட்டாவை உத்தேசித்து எழுதப்பட்டதன்று! ஏறிய பிறகே துரத்தும் அந்த முறையைவிட, நாள் முழுதும் நிதானமாக வேலைசெய்யும் இன்சுலின் ஒன்றும், தட்டு முன்னே வந்தபின் போடும் ஊசியுமே மேல்.

வயிற்று மருந்துக்கும் நியாயம் உண்டு. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரிடம் அது இரத்தக்கசிவை 3.5 சதவீதத்திலிருந்து 1 ஆகக் குறைப்பதை 2024-இல் வெளியான ரிவைஸ் ஆராய்ச்சி காட்டியது. மரணத்தை மட்டும் அது குறைக்கவில்லை. ஏற்கெனவே புண் வந்தவருக்கும், வலி மாத்திரை தின்னும் முதியவருக்கும் அது அவசியமே. நன்றாகச் சாப்பிட்டு நடமாடும் காய்ச்சல்காரருக்கு எதற்கு?

விபரீதம் வீடு திரும்பும்போது தொடங்குகிறது. 'காலை வெறும் வயிற்றில் ஒன்று' என்று எழுதிய சீட்டில் எத்தனை நாளைக்கு என்பது இல்லாவிட்டால், மருந்துக் கடையில் அதுவே வருஷக்கணக்கில் செல்லுபடியாகிறது. நெடுநாள் தின்றால் அது பி12 வைட்டமினைக் குறைக்கலாம். சர்க்கரைக்குத் தின்னும் மெட்ஃபார்மினும் அதையே குறைக்கும். பிறகு கால் மதமதப்பு என்று வருகிறவரிடம், அது சர்க்கரையின் வேலை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.